பட்டுப் பிரிவு, இரண்டாம் தளம்

ஜூலை 8, 2024. திங்கள்

சாவிக்கொத்து இன்று கைக்கு வந்தது. ரிஜிஸ்டரும். கழுத்து அட்டையில் 'இன்சார்ஜ்' என்று மாற்றிக் கொடுத்தார்கள். ஃபோட்டோ மட்டும் பழையது. அதில் கன்னம் இருக்கிறது.

போன வாரம் வரை என் தோளில் இடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் இன்று ஓரடி தள்ளி நின்றார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. தூணில் சாய்ந்திருந்த ஒருத்தி வெடுக்கென்று நிமிர்ந்தாள். அந்த நிமிர்தலை எனக்குத் தெரியும். எத்தனை பேருக்கு நான் அப்படி நிமிர்ந்திருக்கிறேன்.

சந்தோஷமா என்றால் சந்தோஷம்தான். சம்பளம் கூடும். ஆனாலும் அந்த நிமிர்தல் பிடிக்கவில்லை.

வலது குதிகால். வெந்நீர், கல் உப்பு.

ஜூலை 10, புதன்

எட்டரைக்கே வரச் சொன்னார்கள். மூன்றாம் தளத்தில் ஜன்னலை மூடித் திரை போட்டு, பயிற்சி. நடத்த வந்தது சின்னப் பெண். என் தங்கை மகள் வயதிருக்கும். உடல்மொழி. ஒரு வட்டம் போட்டாள். நாம் சொல்வதில் சொல்லின் பங்கு 7 சதவீதம், குரல் 38, உடல் 55. எல்லாரும் எழுதிக்கொண்டோம். எழுதும்போதே எனக்கு ஒட்டவில்லை. கோர்வை போட்ட கரை, ஜரிகை இவ்வளவு, வீட்டில் துவைக்கக்கூடாது, இதையெல்லாம் எந்த 55-ல் சொல்வது?

பிறகு கை. மார்பில் கை கட்டக்கூடாதாம். மனசை மூடிக்கொண்டதன் அடையாளமாம். திரையில் கோட்டுப் போட்ட ஒருவர் கை கட்டிக்கொண்டு முறைத்தார். எங்கள் வரிசையில் பாதிப் பேர் அந்த நேரம் கை கட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் முன்னால் கட்டிப் பழகிய கை. முதலாளி பெரியவர் கடைக்குள் நுழையும்போது தானாகக் கட்டிக்கொள்கிற கை. அவர்கள் எதையும் மூடவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம். எங்கள் பிரிவில் சங்கரன்கோவிலிலிருந்து வந்த பிள்ளை எழுந்து, "ஆம்பளையாளு கண்ணையுமா மேடம்?" என்று கேட்டது. நல்ல கேள்வி. அந்தப் பெண் அதை நல்ல கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். யோசித்துவிட்டு, புருவத்துக்கு நடுவில் பாருங்கள் என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஒன்றரை அடிக்குள் போனால் அது நெருங்கியவர்களுக்கான தூரம். எட்வர்ட் ஹால் என்பவர் 1966-ல் புத்தகமாகவே எழுதியிருக்கிறாராம். இது மட்டும் மனசில் நின்றது. தோளில் புடவை போடுவதற்கு முன்னால் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். நாளையிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்வேன்.

டீ நேரத்தில் அவளிடம் போய், அந்த 55 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முகம் கொஞ்சம் மாறியது. தேடி அனுப்புகிறேன் அக்கா என்று என் நம்பர் வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 11, வியாழன்

இன்று பிரிவில் யாருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கட்டவும் முடியாமல், தொங்கவிடவும் முடியாமல். பார்க்கப் பாவமாக இருந்தது. மதியம் நானே சொல்லிவிட்டேன், புடவை மடித்துக்கொண்டிருங்கள், கைக்கு வேலை இருந்தால் கை தானாக நிற்கும் என்று.

ஜூலை 12, வெள்ளி

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு வீட்டார். பெண், அம்மா, அத்தை, வரப்போகிற மாமியார். அப்பா கொஞ்சம் தள்ளி, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

மெத்தை முழுக்கப் புடவை. புதுசாக வந்தவள் இன்னும் எடுத்து எடுத்துப் போட்டாள். நிறுத்தச் சொன்னேன். கல்யாணப் பெண்ணின் இடது கை அரக்குப் புடவையின் கரையைவிட்டு நகரவே இல்லை. கண் மற்றதைப் பார்க்கிறது. வாய் 'இதுவும் நல்லாருக்கு, அதுவும் நல்லாருக்கு' என்கிறது. கை அங்கேயே. ஒவ்வொரு தடவையும் மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். மாமியார் மயில்கழுத்துப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அப்பா அரக்கின் விலைச்சீட்டை ஒரு தடவை புரட்டினார். சட்டென்று கையை எடுத்து சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார்.

மூன்று பேர், மூன்று பேச்சு. ஒன்றும் வாயில் வரவில்லை.

அதே அரக்கில் ஜரிகை குறைந்தது ஒன்று கீழ் அடுக்கில் இருந்தது. எடுத்து, சீட்டு அப்பா பக்கம் தெரிகிற மாதிரி விரித்தேன். விலையைச் சொல்லவில்லை. பெண்ணிடம் கேட்டுவிட்டுத் தோளில் போட்டேன். கண்ணாடி முன்னால் அவளே மடிப்பை நீவிவிட்டாள். தானே நீவினால் முடிந்தது. கை தொங்கினால் எடுத்துவிட வேண்டியதுதான். மயில்கழுத்தை மாமியார் மடியில் வைத்து, "இது உங்களுக்கு எடுத்துக்கோங்கம்மா, சம்பந்தி வீட்டுக்காரங்க பார்க்கட்டும்" என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். அப்பாவின் தோள் இறங்கியது. இவ்வளவு நேரம் நின்றவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நல்ல நாள். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். யாரும் கேட்பதில்லை என்பதால் இங்கே எழுதிக்கொள்கிறேன். பிடிக்கும்.

ஜூலை 13, சனி

கால். வேறு ஒன்றும் எழுத முடியவில்லை.

ஜூலை 15, திங்கள்

மாம்பலத்தில் ஏறும்போது லேடீஸ் பெட்டியில் இடமில்லை. யார் முதலில் இறங்குவார் என்று பார்த்தேன். பையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றுகிறவள் இல்லை. அது சும்மா அசைவு. கால் விரல் செருப்பைத் தேடுகிறவள்தான் சீக்கிரம் இறங்குவாள். ஒருத்தியின் பக்கத்தில் போய் நின்றேன். கிண்டியில் எழுந்தாள். குரோம்பேட்டை வரை உட்கார்ந்து வந்தேன். நாளெல்லாம் நின்றவர்களுக்குத்தான் இந்தப் படிப்பு வரும்.

ஜூலை 16, செவ்வாய்

சங்கரன்கோவில் பிள்ளை லீவு கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலில் ஆடித்தபசு. இதுவரை தவறியதில்லையாம். கேட்கும்போது வலது கால் கட்டைவிரலால் இடது புறங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. மேனேஜரிடம் கொண்டுபோனேன். ஆடியில் லீவு கிடையாது என்று எல்லாருக்கும் சொல்லியாச்சே என்றார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அவளிடம் போய்ச் சொன்னேன். "சரிக்கா." அவ்வளவுதான். சிரித்தாள். கன்னம் மட்டும் மேலே போன சிரிப்பு.

ஜூலை 17, புதன். ஆடி 1

திறந்ததும் கூட்டம். தள்ளுபடிப் பலகைக்குக் கீழே ஆளுக்கு மேல் ஆள். மூத்திரம் போக நேரமில்லை என்பதால் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. உதட்டைப் பார்த்தாலே தெரிகிறது. சத்தம் போட்டுக் குடிக்க வைத்தேன்.

ரசீதுக் கட்டு எடுக்கப் படிக்கட்டுக்குக் கீழே போனேன். ஸ்டூல்கள் அங்கே இருக்கின்றன. நீல நிறம். அட்டைப்பெட்டிகளுக்கு அடியில், உறை பிரிக்காமல். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டம் வந்தபோது வாங்கியவை. ஒன்றின் மேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 19, வெள்ளி

மேனேஜர் கேமரா அறைக்குக் கூப்பிட்டார். ஒரு பீஸ் குறைகிறது. முப்பத்தெட்டாயிரம். கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டுக் காட்டினார். மூன்றரை மணி. சங்கரன்கோவில் பிள்ளை அக்கம்பக்கம் பார்க்கிறது. கடைசி அலமாரிக்குப் பின்னால் போகிறது. நாலைந்து நிமிஷம் ஆளைக் காணோம். இடுப்பில் புடவையைச் சரிசெய்துகொண்டே வெளியே வருகிறது. முந்தின நாளும் அதேபோல். அதற்கு முந்தின நாளும்.

"உடம்பே காட்டிக்கொடுக்குது பாருங்க. நான் கூப்பிட்டா கண்ணைப் பார்த்துப் பேசுறாளா? குனிஞ்சுக்குறா. நீங்க கொஞ்சம் கவனிச்சுச் சொல்லுங்க."

எனக்கு வயிறு இறுகியது. சரி சார் என்றேன். ஏன் சரி என்றேன். வேறென்ன சொல்ல. அந்த அறையில் ஏ.சி. அதிகம்.

ஜூலை 20, சனி

இன்று அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க எல்லாமே குற்றம்போலத் தெரிகிறது. முந்தானையைத் தொட்டால் ஏன் தொடுகிறாள். சிரித்தால் ஏன் சிரிக்கிறாள். மேனேஜர் வந்தபோது எச்சில் விழுங்கினாள். நானும் அவரைப் பார்த்தால் விழுங்குகிறவள்தான்.

மூன்றரைக்கு அலமாரிக்குப் பின்னால் போனாள். நான் போகவில்லை. ஒரு கணம் சந்தேகம் வந்தது. வரக்கூடாது என்று நினைத்தேன். வந்தது. பிறகு போய்விட்டது.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

அவள் ஊரில் இன்று தபசு. இவள் இங்கே காலை பத்திலிருந்து ராத்திரி பத்து வரை நின்றாள். சாயங்காலம் ஊரிலிருந்து யாரோ வீடியோ அனுப்பியிருப்பார்கள் போல. போன் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. கழிப்பறையிலிருந்து வந்தபோது கண்ணிமை ஈரம். கேட்டேன். "தூசிக்கா."

பயிற்சிப் பெண் அனுப்பியிருக்கிறாள். இவ்வளவு நாள் கழித்து. நீளமாக. அந்த 7, 38, 55 ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற பேராசிரியருடைய கணக்கு. அமெரிக்காவில், 1967-ல் செய்த இரண்டு சோதனைகள். ஒற்றை ஒற்றைச் சொல்லாக வேறு வேறு குரலில் கேட்கவைத்து, முகப்படத்தைக் காட்டி, இவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டிருக்கிறார். சொல் ஒன்றும் முகம் ஒன்றுமாகச் சொன்னால் விருப்பு வெறுப்பு விஷயத்தில் நாம் முகத்தை நம்புகிறோம். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறாராம். "அடுத்த வகுப்பிலிருந்து அந்த வட்டத்தை எடுத்துடறேன் அக்கா. கேட்டதுக்கு நன்றி."

திரும்பத் திரும்பப் படித்தேன். "தூசிக்கா" என்று வாய் சொன்னது. கண் வேறு சொன்னது. இந்த இடத்தில் மட்டும் மெஹ்ரேபியன் சரி.

ஜூலை 23, செவ்வாய்

கூட்டம் கம்மி. மூன்றரைக்கு அவள் பின்னாலேயே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல்.

தரையில் கிடந்தாள். மல்லாந்து. இரண்டு காலையும் சுவரில் மேலே தூக்கி வைத்து, பாவாடையை முழங்காலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. கண் மூடியிருந்தது. கெண்டைக்காலில் நரம்பு. பச்சையும் நீலமுமாக முடிச்சு முடிச்சாக. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கால் அது.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து இடுப்பைச் சரிசெய்தாள். கேமராவில் பார்த்த அதே கை.

"கடுக்குதுக்கா. ரெண்டு நிமிசந்தான். இனிமே வரமாட்டேன்க்கா."

உட்கார் என்றேன். மாட்டேன் என்றாள். நான் தரையில் உட்கார்ந்தேன். அப்புறம் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள். கோமதியம்மன் ஒத்தைக்கால்ல நின்னு தபசு பண்ணுதால்லக்கா, அவளுக்குக் கால் வலிக்கும்னுட்டு ஆடியில நாங்க கோயிலச் சுத்துவோம். ஆடிச்சுத்து. நூத்தியொண்ணு சுத்துறவங்க உண்டு. அம்மன் கால்வலிய நாம வாங்கிக்கிடுதோம்னு அர்த்தம். இந்த வருசம் சுத்தலைல்லா. அதான் இப்படி வலிக்குதோ என்னவோ.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். வேண்டாம்க்கா வேண்டாம்க்கா என்றாள். பிடித்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

மேனேஜரிடம் சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். "அவ சொன்னதை நீங்க நம்புறீங்க." அவள் சொன்னதை நம்பவில்லை சார், அவள் காலைப் பார்த்தேன் என்றேன். என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

ஜூலை 25, வியாழன்

கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பினேன். வெரிகோஸ். காலில் இறங்கிய இரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைச் சதை அசைய வேண்டுமாம். நடந்தால் அசையும். ஒரே இடத்தில் நின்றால் இரத்தம் அங்கேயே தேங்கி நரம்பு புடைக்கும். இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தார்களாம். காலைத் தூக்கி வைக்கச் சொன்னார்களாம். ஆஸ்பத்திரி சொன்னதைத்தான் அவள் அலமாரிக்குப் பின்னால் செய்துகொண்டிருந்தாள்.

என் காலைப் பார்த்துக்கொண்டேன். இடது முழங்காலுக்குப் பின்னால் இரண்டு. அம்மாவிடம் காட்டவில்லை.

ஜூலை 26, வெள்ளி

கோபம் அடங்கவில்லை. பயிற்சிப் பெண்ணிடம் போனில் கேட்டேன், உடம்பைப் பார்த்துத் திருட்டைக் கண்டுபிடிக்க முடியுமா என்று. முடியாதக்கா என்றாள், யோசிக்காமல். 2006-ல் 206 ஆய்வறிக்கைகளைச் சேர்த்து ஒரு கணக்குப் பார்த்தார்களாம். எதிராளி பொய் சொல்கிறாரா என்று பார்த்துச் சொல்வதில் மனிதர்கள் நூற்றுக்கு 54 தடவைதான் சரி. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். கண்ணைப் பார்க்காதவர் பொய்யர் என்று உலகம் முழுக்க நம்புகிறார்களாம். ஆய்வில் அது நிற்பதில்லையாம்.

இன்னொன்றும் சொன்னாள். விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஆர்லி ஹாக்ஷில்டு என்ற அம்மாள் 1983-ல் எழுதிய புத்தகம். சிரிப்பதும் அங்கே வேலை, அதையும் கம்பெனி விலைக்கு வாங்குகிறது, நாளெல்லாம் விற்றவளுக்கு ராத்திரி தன் சிரிப்பு எது என்று தெரியாமல் போகிறது. கேட்டுக்கொண்டே இருந்தேன். கடை விடுதியில் பிள்ளைகள் தாடையைப் பிடித்துவிட்டுக்கொண்டு படுப்பது ஞாபகம் வந்தது.

54. சோறு வடிக்கும்போதும் அதே.

ஜூலை 29, திங்கள். ஆடிக் கிருத்திகை

பீஸ் கிடைத்துவிட்டது. இன்னொரு கிளைக்குப் போன பெட்டியில், வேறு கோட் சீட்டு ஒட்டி. மேனேஜர் ரிஜிஸ்டரைத் தள்ளிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவ்வளவுதான். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம்தான் முதலிலேயே யாரும் ஒன்றும் கேட்கவில்லையே.

நான் போய்ச் சொன்னேன். "தெரியும்க்கா. மேனேஜர் சார் பத்து நாளா என் கையையே பாத்துக்கிட்டிருந்தாக. இன்னிக்குக் காலைல பாக்கல. கெடச்சிட்டுன்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று அழுதாள்.

அழுகை பிறக்க நாலு இடம் சொல்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலை தளர்வது, வறுமை. அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்கும்போது பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. இன்று நாலும் ஒரே முகத்தில்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பழைய புத்தகங்களை இறக்கினேன். குறிப்பறிதல் என்று திருக்குறளில் இரண்டு அதிகாரம். 110 காதலர்களுக்கு. 71 அரசவையில் இருப்பவர்களுக்கு. அதற்கு முன்னால் 70, மன்னரைச் சேர்ந்தொழுகல். அன்றைக்கும் கீழே நிற்கிறவர்தான் மேலே இருப்பவரின் முகத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்கிறது. அப்படிப் படிக்கத் தெரிந்தவரை எதைக் கொடுத்தாவது கூட வைத்துக்கொள் என்று வள்ளுவர் அரசனிடம் சொல்கிறார்.

பத்து நாளாக மேனேஜரின் பார்வையைப் படித்திருக்கிறாள் இந்தப் பிள்ளை. சரியாகவே படித்திருக்கிறாள். அவர் அவளைத் தப்பாகப் படித்தார். கேமரா வைத்தும்.

இப்போது என் முகத்தையும் படிக்கிறார்கள். நான் மூக்கைச் சுளித்தால் ஒரு பிரிவே சுருங்குகிறது. இது பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

அம்மா சித்ரான்னம் கட்டிக் கொடுத்தாள். எலுமிச்சை, தேங்காய், புளி. பிள்ளைகளுக்குப் பகிர்ந்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். சுவரில் சாய்ந்த வேர்வைத் தடம் வரிசையாக, ஆள் உயரத்துக்கு ஒன்று. இதைப் பார்க்காமலா இத்தனை வருஷம் இருந்தோம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சட்டத்தைப் பிரிண்ட் எடுத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்துக்கு மூன்று ரூபாய் வாங்கினார். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 2021-ல் சேர்த்த 22-ஏ பிரிவு. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் வருஷக்கணக்காகப் போராடி வாங்கியது. நம் 22-ஏ, வேலை நேரத்தில் உட்கார வாய்ப்பு வரும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை தர வேண்டும் என்கிறது.

வாய்ப்பு வரும்போது. வந்ததா இல்லையா என்று யார் பார்த்துச் சொல்வது? மேனேஜரைக் கேட்டால் வரவே இல்லை என்பார். எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சின்ன முதலாளியிடம் நாளை கேட்க வேண்டும். பயமாக இருக்கிறது. தூக்கம் வராது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ரயிலிலேயே யோசித்துவிட்டேன். அவர் மேசைக்கு எதிரே போய் நின்றால் நான் கேட்கிறவள், அவர் கொடுக்கிறவர். கை தானாகக் கட்டிக்கொள்ளும். குரல் இறங்கும். அந்த அறைக்குள் போகக்கூடாது.

மூன்று மணிக்கு அவர் கேமரா அறைக்கு வருவார். அங்கே போனேன். எதிரே நிற்காமல் அவர் பக்கத்தில், இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்க்கிற மாதிரி நின்றேன். "சார், இரண்டாம் தளம் கொஞ்சம் பாருங்க, ஒண்ணு கேக்கணும்." பெரிதாக்கினார். செவ்வாய்க்கிழமை மூன்று மணி. மெத்தை காலி. வாடிக்கையாளர் யாரும் இல்லை. பதினொரு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாருடனும் பேசவில்லை. ஒருத்தி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினாள். இன்னொருத்தி மாறினாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கையால் தடவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு திரையை மறுபடி பார்த்தார். பிறகு என்னை. அப்போதுதான் காகிதத்தைக் கொடுத்தேன்.

"ஸ்டூல் இருக்கா?"

"கீழ இருக்கு சார். உறைகூடப் பிரிக்கல."

"எடுத்துப் போடுங்கம்மா. கஸ்டமர் இருக்கும்போது வேண்டாம்."

படி இறங்கும்போது முழங்கால் ஆடியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மூன்று ஸ்டூல். உறை பிரித்துத் துடைத்துப் போட்டேன். யாரும் உட்காரவில்லை. உட்காருங்கள் என்றேன். சரிக்கா என்றார்கள். உட்காரவில்லை. மேனேஜர் இரண்டு தடவை வந்து போனார். ஸ்டூலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புருவம். பதினொரு பேரும் அதைப் படித்துவிட்டார்கள்.

எரிச்சல். என்ன செய்தாலும் வாயால் சொல்வது இங்கே போதவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

மூன்றே கால். கூட்டமில்லை. நடு ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். கேமராவுக்கு நேரே. மேனேஜர் வந்தார். எழுந்திருக்கத் தொடை தானாகக் கிளம்பியது. உட்கார்ந்தபடியே, "சொல்லுங்க சார்" என்றேன். பட்டுநூல் பில் பற்றி ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். போய்விட்டார். நெஞ்சு அடித்துக்கொண்டது. வேர்வை.

சங்கரன்கோவில் பிள்ளை வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தது. நுனியில். முதுகு விறைப்பாக. கொஞ்சம் கொஞ்சமாக முதுகு தளர்ந்தது. மூன்றாவது ஸ்டூலுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. கூட்டத்தில் ஸ்டூலுக்கு இடமே இல்லை. ராத்திரி பத்தரை வரை. குதிகால் நெருப்பு.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒரு அம்மா பெரியவரிடம் புகார். "பொண்ணுங்க உக்காந்துக்கிட்டு வாங்கன்னு கூப்பிடறாங்க. மரியாதை தெரியல." பெரியவர் கூப்பிட்டனுப்பினார். கை கட்டிக்கொண்டுதான் நின்றேன். அவர் முன்னால் கட்டாமல் எனக்கு வராது. வாய் மட்டும் கட்டிக்கொள்ளவில்லை. "அய்யா, சிரிச்ச முகமா கூப்பிடுறாங்க. பக்கத்துல வந்ததும் எழுந்துதான் புடவை விரிக்கிறாங்க. விற்பனை குறையல, கணக்கு இருக்கு" என்று ரிஜிஸ்டரை விரித்தேன். அவர் பார்த்தது என் காலை. செருப்புக்கு வெளியே வீங்கியிருந்தது.

"உனக்கு எப்போலேர்ந்து இப்படி?"

ரொம்ப நாளாய்யா என்றேன். போ என்று கையசைத்தார். கோபமா இல்லையா தெரியவில்லை. இத்தனை வருஷம் படித்த முகம், இன்று படிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

ஸ்டூல் எடுக்கப்படவில்லை. அதுதான் பதில் போல. மேனேஜர் பேச்சு குறைவு. இருக்கட்டும்.

சங்கரன்கோவில் பிள்ளைக்குக் காலுறை வந்துவிட்டது. புழுக்கத்தில் அரிக்குதுக்கா என்று திட்டிக்கொண்டே போட்டுக்கொள்கிறாள். அவள் திட்டிக் கேட்பது இதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி. வரலட்சுமி நோன்பு

ஆடி முடிந்தது. நாளை ஆவணி. முகூர்த்தப் புடவைக்கு வரிசையாக வருவார்கள், ஆற அமர உட்கார்ந்து எடுக்கிற கூட்டம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நேரம் கிடைக்கும். பதினொரு பேருக்கு மூன்று ஸ்டூல் போதாது. கீழே இன்னும் ஐந்து கிடக்கிறது. அலமாரிக்கு இந்தப் பக்கம் இரண்டு, ரவிக்கைத் துண்டுப் பக்கம் இரண்டு, பில் மேசை அருகே ஒன்று. கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் காட்டன் பிரிவுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், எங்களுக்கு எப்பக்கா என்று. திங்கட்கிழமை மூன்று மணிக்குச் சின்னவர் கேமரா அறைக்கு வருவார். காட்டன் பிரிவைத் திரையில் போடச் சொல்லிக் கேட்பேன்.